ஒட்டுப் போட்ட வலது கை

என் அழுமூஞ்சிச் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் என் தையல் மிஷினும் சுகம், மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். அங்கே நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்கமாட்டேன், சுகமில்லை என்பதைத்தான் ஆறு பக்கம் எழுதித் தள்ளியிருக்கிறாயே. உன் பல் மருத்துவக் கல்லூரிப் பரீட்சையில் இத்தனை பக்கம் எழுதுவாயா?

செய்முறை வகுப்பில் பொம்மைத் தாடையை வைத்து வலது கடைவாய்ப் பல்லைக் குடையச் சொன்னார்களாம், நீ இடதைக் குடைந்துவிட்டாயாம், வகுப்பே சிரித்ததாம். அதுவும் பிசகக்கூடாது என்று பத்துத் தடவை கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செய்தாயாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், பொம்மைக்கு வலித்ததா என்ன? இதற்குப் போய் எனக்கு இந்தப் படிப்பு வராது, என்னைத் தெரியாத்தனமாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு, வியாழக்கிழமை மறுதேர்வுக்குக்கூட உட்காராமல், படிப்பை விட்டு விலகும் படிவத்தை அப்பாவின் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறாய். உன் அப்பாவைத் தெரியாதா உனக்கு? பஸ் டிப்போ ஸ்டோரில் ஒரு போல்ட் வந்தால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிற மனுஷர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார். விலகும் காரணம் என்ற இடத்தில் தகுதி இல்லை என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும், இது பொய்யாச்சே, பொய்யில நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். அவர் தட்டை மூடி வைத்துவிட்டு நானும் சாப்பிடாமலே படுத்தேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். மறுநாள் காலையில் உன் வெள்ளைக் கோட்டை வெட்ட நின்றேன். தைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய், நான் எப்போது உன் பேச்சைக் கேட்டேன்? இருபத்தாறு வருஷமாகச் சட்டைக்குக் கை வெட்டுகிறேன், துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டு, வலதும் இடதும் ஜோடியாக வந்து விழும். அன்றைக்கு உன் கோட் ஆயிற்றே, மடிப்பு நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. மடிக்காமல் ஒவ்வொரு கையாக, நாலு தடவை சாக்பீஸால் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். தைக்கப் போகும்போது பார்த்தால் இரண்டும் இடது கை! ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்புமான துணி, திருப்பிப் போடவும் வழியில்லை. என் தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, ஏம்மா, உன் பொண்ணுக்கு ரெண்டு கையும் ஒரே பக்கமாவா இருக்கு என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில் பொத்தான் டப்பாவே கவிழ்ந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அப்புறம் பொத்தான் பொறுக்கிக்கொண்டே நானும் சிரித்துவிட்டேன். தொழில் தெரியாமல் பிசகவில்லையடி, பயந்து பயந்து வெட்டினேன், பிசகிவிட்டது. அதற்காகக் கடைப் பலகையைக் கழற்றிவிடவா? மிச்சத் துணி போதவில்லை, அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டு எப்படியோ ஒரு வலது கையைத் தேற்றினேன்.

பாக்கெட்டுக்கு அளவு வெட்டக் கனமான காகிதம் தேடினேன், உன் படிவம் வாகாகக் கிடைத்தது. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன், கத்தரியை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். பாக்கெட் கச்சிதமாக வந்திருக்கிறது. இன்னொரு படிவம் வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்கு அப்புறம் அனுப்பு. தேர்வில் உட்கார்ந்துவிட்டு, அப்போதும் பிடிக்கவில்லை என்று எழுதினால் அப்பா கையெழுத்துப் போடுவார், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் அறையைப் பெருக்கி வைக்கிறேன், வா. ஆனால் தகுதி இல்லை என்று மட்டும் எழுதாதே, எனக்குத் தாங்காது.

கோட்டைப் பார்சலில் அனுப்பிவிட்டேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும், அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. தேர்வில் எது வலது, எது இடது என்று குழம்பினால் பதறாமல் கையைத் தூக்கிப் பார். ஒட்டுப் போட்டிருக்கிற கைதான் வலது.

இப்படிக்கு,
இரண்டு இடது கை வெட்டிய
உன் அம்மா