நட்டுக்குப் பதில் ஈயம்

குமுதா,

நேற்று வடக்குப்பட்டு ஏரிக்கரையில் இருந்தது நான், உன் வீட்டுக்காரர், சம்பந்தி முனிரத்தினம், அவருடைய பங்காளி கஜபதி. வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளை தூண்டில் நரம்பில் எடைக்குத் தன் கம்பெனியிலிருந்து எடுத்து வந்த நட்டு ஒன்றைக் கட்டியிருந்தார். அவிழ்க்கச் சொன்னேன். "இன்னா மாமா, லைன்ல கீழ கெடந்த நட்டுக்கா இவ்ளோ பேச்சு?" என்றார். சம்பந்தி சிரித்தார். கம்பெனி கேட்டில் சோதனை போட்டுப் பிடித்தால் யாருக்கும் சிரிப்பு வராது. நம் குடும்பத்தின் பெயர்தான் கெடும்.

நட்டு டிவி மேல் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போகட்டும்.

அவருடைய தூண்டிலில் முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு கட்டிவிட்டேன். பெரியது சேற்றில் புதைந்துவிடும். காற்று அடித்தால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம், டப்பாவில் இருக்கிறது.

கெண்டைக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. நடுத்துண்டு அவருக்கு.

நான் படப்பைக்குப் போய்க் கஜபதியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பா

பி.கு.: மாப்பிள்ளையை நான் திருடன் என்றதாகக் கஜபதி சொல்லித் திரிகிறாராம். நீயும் அதை நம்பித்தான் காலையில் எனக்குக் காபி தராமல் போனாய். நான் அப்படிச் சொல்லவில்லை. "எடுத்த எடத்துலயே வெச்சுடுங்க மாப்ள" என்றேன். அவ்வளவுதான்.