ஆட்-ஆன் ஊமையான அன்று

இன்று காலை லேப்டாப்பைத் திறந்ததும் திரையின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும் வந்து நின்றது. எழுதும் மென்பொருளில் நாம் சேர்த்திருந்த பேசும் ஆட்-ஆனுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். அப்டேட் செய்யலாமா என்று கேட்டது. ‘லேட்டர்’ என்பதை அழுத்தினேன். இதை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்தி வேலை வாங்கியவர் நீங்கள். போன் பேசினால் தெருமுனை வரை கேட்கும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, நீங்கள் வாயைத் திறந்தீர்கள். காற்றுகூட கழுத்திலிருந்த துளை வழியாகத்தான் போனது. போனில் எழுதிக் காட்டச் சொன்னாள் பெங்களூரிலிருந்த நம் மகள். டிரில் ராடு பிடித்துக் காய்த்துப்போன விரல் உங்களுக்கு. ஓர் எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழுந்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

மகள் படித்த காலத்து லேப்டாப் பீரோ மேலே கிடந்தது. அதன் பட்டன்கள் உங்கள் விரலுக்கு வாகாக இருந்தன. எழுதியதை வாசித்துக் காட்டும் ஆட்-ஆன் ஒன்று இருக்கிறது, நீயே போட்டுவிடலாம் என்றாள் அவள். கோழிப்பண்ணையில் முட்டை பிரித்து அடுக்கிய கைதானே என்னுடையது? மவுசை இழுத்தால் அம்பு எங்கோ ஓடி ஒளிந்தது. அவள் போனில் சொல்லச் சொல்ல, இடது ஓரத்துக் கட்டத்தைத் திறந்து, பெயரைத் தேடி, ஒரே மாதிரி வந்த பெயர்களில் எது நம்முடையது என்று தடுமாறி, ‘இன்ஸ்டால்’ என்பதை அழுத்தினேன். சத்தமே இல்லை. எனக்கு இதெல்லாம் வராது என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

“சேத்தா மட்டும் பத்தாதும்மா. ஒருக்கா மூடிட்டுத் தொறக்கோணும்,” என்றாள்.

மூடித் திறந்தேன். நீங்கள் மெல்லத் தட்டினீர்கள். செய்தி வாசிப்பவரைப் போன்ற ஒரு குரல், “சோறு வைக்கறயா, இல்ல இதையே புடிச்சுட்டு உக்காந்திருப்பயா?” என்று கேட்டது. உங்கள் தோள்கள் குலுங்கின. அறுவைக்குப் பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ராசிபுரத்திலிருந்து உங்கள் அண்ணன் காரோடு வருவதாகச் சொன்னார். கோயம்புத்தூரில் இன்னோர் ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிட்டாராம். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் திரையில் அந்தப் பெட்டி முதன்முதலாக வந்தது. புதுசு என்றால் இன்னும் நன்றாகப் பேசும் என்று எண்ணி ‘அப்டேட்’ கொடுத்தேன்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். அறுத்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். செலவைப் பற்றி நினைக்காதே என்றார். நீங்கள் தட்டி முடித்து, பேசுவதற்கான பட்டனை அழுத்தினீர்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினீர்கள். திரையை அவர் பக்கம் திருப்பினீர்கள்.

“இந்தப் பொடி எழுத்தெல்லாம் எனக்குத் தெரியறதில்ல சாமி,” என்றவர் என்னைப் பார்த்தார். “நீ படிச்சுச் சொல்லம்மா.”

நான் படித்தேன், கண்ணால் மட்டும். அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மெஷின் ரிப்பேருங்க மாமா என்று சொல்லி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

மகளைக் கூப்பிட்டேன்; எடுக்கவில்லை. ஆட்-ஆனை நீக்கினேன், திரும்பவும் போட்டேன், மூடினேன், திறந்தேன். ஊமையாகவே இருந்தது. வெளியே அண்ணன், துணிமணியை எடுத்துக் காரில் வைக்கச் சொல்லி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இது இப்படியே கிடக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. பேச வழியில்லையென்றால் இவர் காரில் ஏறிவிடுவார், ஏறினால் பிழைத்தாலும் பிழைப்பார். லேப்டாப்பை மூடிவைத்தால் போதும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து நீங்கள் கட்டில் சட்டத்தை விரல் முட்டியால் தட்டும் சத்தம் கேட்டது. அவசரத்தில் கூப்பிட உங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

மறுபடி திறந்தேன். பதற்றத்தில் விரல் 2 என்ற பட்டனில் பட்டுவிட்டது. பேசவைத்ததும் “டூ” என்றது மெஷின், இங்கிலீஷில்.

அது ஊமையாகவில்லை. அப்டேட்டில் தமிழை மறந்திருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்கைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். குரல் என்ற இடத்தில் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்திருந்தது. நீண்ட பட்டியலில் தமிழைக் கண்டுபிடித்து அழுத்தினேன். மூடித் திறந்தேன். கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்தேன். அண்ணனும் உள்ளே வந்திருந்தார். அழுத்தினீர்கள்.

“அண்ணா, என்னைய எங்கயும் கூட்டீட்டுப் போவாதீங்க. அறுத்தது போதும். ஊட்லயே இருக்கறேன்.”

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீங்கள் நிறுத்தவில்லை, இன்னும் தட்டினீர்கள்.

“நாஞ் சொன்னதுதான். அவளெ ஒண்ணும் சொல்லாதீங்க.”

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள், நம் வீட்டில், நம் கட்டிலில். அண்ணன் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அன்றைக்கு அந்த மெஷின் பேசாமல் இருந்திருந்தால் என் தம்பி இருந்திருப்பான் என்று யாரிடமோ சொன்னாராம். அவர் சொல்வதற்கு முன்பே அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. எத்தனை இரவுகள் அந்தச் சமையலறையிலேயே நின்றுகொண்டிருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பை மூடிவிடத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கட்டிலைத் தட்டுகிறீர்கள்.

உங்களோடு பேசிய காலத்துப் பழக்கம் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. யாரிடம் எதைக் கேட்டாலும், அவர்கள் பதில் சொல்லி முடித்த பிறகும் சற்று நேரம் பேசாமல் இருக்கிறேன். இன்னும் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பார்களோ என்று காத்திருக்கிறேன். போனில் மகள் பயந்துபோய், “அம்மா, லைன்ல இருக்கியா?” என்பாள்.

“இருக்கறஞ் சாமி,” என்பேன். “நீ மொள்ளச் சொல்லு.”