மஞ்சள் குறைந்த அட்டை

அச்சகம்
செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை ஜீப் ஓட்டுநர் உன் கையில் கொடுத்ததும் அவரை நிற்கச் சொல்லிவிட்டுப் படி. நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

போன மாதம் உங்கள் மருந்தகத்துக்கு நிற அட்டைகள் வந்திருக்கும். கர்ப்பிணிகளின் சிறுநீரில் நனைத்த பட்டையைப் பக்கத்தில் வைத்து, புரதம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பீர்களே, அந்த அட்டை. மஞ்சளில் தொடங்கிக் கரும்பச்சையில் முடிகிற ஐந்து கட்டங்கள். பின்பக்கத்தில் கீழே எங்கள் அச்சகத்தின் பெயர் இருக்கும். அந்த அட்டையை இந்த நிமிடத்திலிருந்து நீயோ உன்னுடன் வேலை செய்கிறவர்களோ பார்க்கக் கூடாது. ஒன்று விடாமல் கட்டி இதே ஜீப்பில் அனுப்பிவிடு. புது அட்டை வரும்வரை, பட்டை வந்த டப்பாவின் மேல் சின்னதாக ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும், அதைப் பார். கண்ணுக்குச் சிரமமாக இருந்தாலும் அது சரியானது.

எங்கள் அட்டை ஒரு கட்டம் குறைத்துக் காட்டும். இந்த மூன்று வாரத்தில் அதை வைத்து யார் யாருக்குச் சோதனை செய்தாயோ அத்தனை பேரையும் மறுபடி கூப்பிடு. வர முடியாதவர்கள் வீட்டுக்கு நீயே போ.

தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். உன் மலைக்குத்தான் இணைப்பே இல்லையே. அடிவாரத்து அலுவலகத்தில் எடுத்த எழுத்தர், "அட்டை தீர்ந்துபோச்சா, இன்னும் எத்தனை கட்டு வேணும்?" என்று கேட்டார். மூன்று முறை சொல்லியும் அவர் நான்கு கட்டு என்று குறித்துக்கொண்டார். அதனால்தான் அடிவாரம் போகிற பேருந்தில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எப்படித் தவறியது என்று நீ கேட்பாய். பச்சை மை என்று எங்களிடம் ஒன்று தனியாகக் கிடையாது. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் நெருக்கமாக விழும்போது பார்க்கிறவர் கண்தான் அவற்றைப் பச்சையாகச் சேர்த்துக்கொள்கிறது. மஞ்சள் குறைந்தால் இளம்பச்சை நல்ல பச்சை போலத் தெரியும், நல்ல பச்சை நீலம் பக்கம் சாயும். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் நிறத்துக்கு நகர்ந்துவிடும். கட்டத்துக்குக் கீழே இருக்கிற சொல் மட்டும் நகராது.

அச்சு ஓடிய அன்று மஞ்சள் மை பாதியில் குறையத் தொடங்கியிருக்கிறது. மெஷின்காரர் கவனித்தார். நாங்கள் ஏணி என்று கூப்பிடுவோமே, அந்த உயரமானவர். ஒரு ஷீட்டை உருவிக்கொண்டு வந்து, "அக்கா, மாதிரியோட வச்சுப் பாத்தா கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது, மீட்டர் வச்சு ஒருதடவை பாத்துடலாமா?" என்று கேட்டார். மை அடர்த்தியை அளக்கும் மீட்டர் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. பூட்டி வைத்தது நான்தான். மாதிரியையும் ஷீட்டையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. "இருபத்திரண்டு வருஷமா இந்த மேஜையில நிக்கிறேன், எனக்கு மீட்டர் காட்டுறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஆறாயிரம் அட்டையும் அந்தக் கையெழுத்தின் கீழ்தான் ஓடியது.

அதற்கு நான்கு வாரம் கழித்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று ஒன்பது நாள் விடுப்பு எடுத்தேன். விசேஷம் எதுவும் இல்லை. இடது கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்டேன். இரண்டு கண்ணிலும் ஒரு வருடமாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நிறம் பார்க்கிறவளுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் அப்புறம் எனக்கு அங்கே என்ன பெயர்?

நேற்று வேலைக்குத் திரும்பினேன். மேஜைக்கு மேல் அந்த அட்டையின் ஷீட் குத்தியிருந்தது. பார்த்ததும் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால் சரியாக இருந்தது. வலதை மூடிக்கொண்டு இடதால் பார்த்தால் இரண்டாவது கட்டம் மூன்றாவது போல இருந்தது. மாற்றி மாற்றி மூடித் திறந்தேன். ஒரு வருடமாக என் கண்ணுக்குள்ளேயே மஞ்சள் கண்ணாடி இருந்திருக்கிறது. வெளியே மஞ்சள் கூடினாலும் குறைந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்? இழுப்பறையைத் திறந்து மீட்டரை வைத்தேன். ஏணி சொன்னதையே அது எண்ணாகச் சொன்னது.

முதலாளியிடம் சொன்னேன். "சரக்கு போயிடுச்சு, யாரும் புகார் பண்ணல, நாமளா ஏன் வாயைத் திறக்கணும்?" என்கிறார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் வருகிறது. இன்று மாலைக்குள் அவர் சுகாதாரத் துறைக்குச் சொல்லாவிட்டால் நாளை காலை நானே போய்ச் சொல்வேன்.

உன் மூன்று கடிதமும் பத்திரமாக இருக்கின்றன. நீ அந்த மலைக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதனால் பதில் போடாமல் இருக்கவில்லை. உன் எழுத்து எறும்பு ஊர்வது போல எனக்குத் தெரிந்தது. வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வாய் வரவில்லை. நேற்று இரவுதான் மூன்றையும் படித்தேன்.

எத்தனை பேர், எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம்.

உன் அம்மா

*

மருந்தகம்
ஞாயிற்றுக்கிழமை

அம்மாவுக்கு,

கடிதம் புதன்கிழமை மதியம் கிடைத்தது. ஓட்டுநரை நிற்க வைத்துத்தான் படித்தேன். அவரை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டேன், அதனால் பதில் தாமதம்.

மூன்று வாரத்தில் பதினான்கு பேர். அன்று மாலைக்குள் ஒன்பது பேரை மறுபடி பார்த்தேன். எட்டுப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டம் கூடுதல், அவள் இப்போது என் கண் பார்வையில் இருக்கிறாள். மறுநாள் காலை நான்கு பேர், அவர்களும் நலம். மீதி ஒருத்தர் இங்குள்ள பள்ளிக்கூடத்து ஆசிரியை. எட்டு மாதம். வீடு மேட்டின் மறுபக்கம், இருட்டிய பிறகு ஜீப் போகாது.

அவரைப் பற்றி உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டு நாளைக்கு முன்னால் அவராகவே வந்தார். "தலை பாரமா இருக்கு சிஸ்டர், செருப்பு வேற காலுக்கு ஏற மாட்டேங்குது" என்றார். ரத்த அழுத்தக் கருவி பழுது பார்க்கக் கீழே போயிருந்தது. பட்டையை நனைத்து அட்டையில் வைத்தேன். 'மிகச் சிறிதளவு' என்ற கட்டத்தோடு அச்சாகப் பொருந்தியது. அப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. கீழே அனுப்பலாமா என்று யோசித்தபடி அட்டையைத் திருப்பினேன். அச்சகத்தின் பெயரைப் பார்த்தேன். இது அம்மா பார்த்த நிறம், இதில் தப்பு வராது என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல டீச்சர், போய் நல்லாப் படுத்துத் தூங்குங்க" என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை நாங்கள் போனபோது அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றார். டப்பாவின் அட்டவணையில் நான்காவது கட்டம். ஜீப்பில் ஏற்றினோம். பாதி இறக்கத்தில் வலிப்பு வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அவர் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னீங்க, ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கீழே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அவர் சனிக்கிழமை காலைதான் கண் திறந்தார். பேச்சு இன்னும் குழறுகிறது. சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். உன் கடிதம் இரண்டு நாள் பிந்தி வந்திருந்தால் இருவரும் இல்லை என்றும் அவரே சொன்னார்.

இதற்கு உனக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது. ஒரு வருடமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா. ஏணி மாமா கேட்டபோதாவது மீட்டரை எடுத்திருக்கலாமே.

அட்டைகள் இருபத்தெட்டு, கட்டி அனுப்பியிருக்கிறேன். நான் இரண்டு நாளாக யாருக்கும் பட்டையை நனைக்கவில்லை. இன்னொரு சிஸ்டரைப் பார்க்கச் சொல்கிறேன்.

மகள்

*

அச்சகம்
வெள்ளிக்கிழமை

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். அவை கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் புதன்கிழமை காலை துறை அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். நான் எழுதிக் கொடுத்ததை அதிகாரி படித்துவிட்டு, "இதுல உங்க பேரையே குற்றவாளியா எழுதியிருக்கீங்களே, தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். திரும்பிப் பார்த்தால் ஏணி நிற்கிறார். நான் வரச் சொல்லவில்லை. "நானும் மெஷினை நிறுத்தியிருக்கணும் சார், நிறுத்தல, அதையும் சேத்துக்குங்க" என்றார். அதன் பிறகுதான் நான் அழுதேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும்.

முதலாளி ஐந்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் கடிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் காரிலேயே கிளம்பிப்போய் நான்கு மருந்தகங்களில் அட்டைகளைத் தானே வாங்கி வந்தார். ஆறாயிரத்தில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வந்துவிட்டன. மீதி எண்பத்தெட்டு எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு மருந்தகமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த எண்பத்தெட்டு கிடைக்கும்வரை எனக்கு உறக்கம் ஏது?

புது அட்டை நேற்று ஓடியது. ஐந்து கட்டத்துக்கும் இப்போது ஐந்து தனி மை கலந்து அடித்தோம், புள்ளிகளை நம்பவில்லை. நூறு ஷீட்டுக்கு ஒருமுறை மீட்டர். எண்ணை ஏணி படித்தார், நான் எழுதினேன், கையெழுத்து இருவருடையது. நிறத்துக்குக் கீழே இருந்த எழுத்து மெல்லியதாக, சின்னதாக இருந்தது. 'ள'வின் சுழியில் மை அடைத்துக்கொண்டு படிக்கவே முடியாது. இப்போது தடித்த எழுத்து, முன்பைவிட இரண்டு மடங்கு.

இன்னொன்றும் செய்தேன். அட்டையின் தலையில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், 'தலைவலி, வீக்கம், பார்வை மங்கல் இருந்தால் நிறம் எதைக் காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புக' என்று ஒரு வரி. பக்கம் வடிவமைக்கிற பெண், "இடமே இல்ல அக்கா, துறையோட முத்திரை இருக்கு" என்றாள். முத்திரையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கு என்றேன். அதிகாரி பார்த்தார், சரி என்று எழுதினார். அந்த வரி நீ எழுதியதுதான். உன் கடிதத்தைப் படிக்காமல் அது எனக்குத் தோன்றியிருக்காது.

நிறத்துக்குக் கையெழுத்துப் போடும் வேலை இனி எனக்கு இல்லை. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. இந்த முறை எல்லோருக்கும் தெரியும்.

இப்போது உன்னைப் பற்றி. பட்டையைத் தொடாமல் இருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலை அழுத்திப் பார்த்தது உன் கை. மனசு ஒப்பவில்லை என்று சொன்னதும் உன் புத்திதான். இரண்டும் சரியாகத்தான் சொல்லின. அவற்றை மறித்து நின்றது என் பெயர். அந்தப் பாரத்தை நீ எடுத்துச் சுமக்காதே, அது என்னுடையது. இனி உன் முன்னால் வருகிறவர்களுக்கு உன் கை வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் புது அட்டைக் கட்டோடு நானே வருகிறேன். வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி அந்த ஆசிரியையைப் பார்த்து, யார் செய்தது என்று என் வாயால் சொல்லப் போகிறேன். அவர் கணவர் என்னை என்ன கேட்டாலும் கேட்கட்டும். நீ கூட வர வேண்டாம். எந்தக் கட்டில் என்று மட்டும் ஓட்டுநரிடம் சொல்லி வை.

அதன் பிறகு மேலே வருவேன். என்னோடு பேசத் தோன்றாவிட்டால் பேசாதே. நீ வேலை செய்கிற அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, அம்மாடி.

அந்தச் சின்னக் குழந்தை பெட்டியை விட்டு வெளியே வரட்டும். அவள் அம்மாவுக்குப் பேச்சுத் திரும்பட்டும். நீ நன்றாக இரு.

உன் அம்மா