எதற்கும் ஓம் சொன்ன பல்லி

என் ஆசை மச்சான் தவராசாவுக்கு,

கண்ணகை அம்மன் மேல் ஆணையாக, உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை உனக்குச் சொல்லப்போகிறேன். நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதையும் நம்பாத மனிதன் அல்லவா நீ?

நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் ஒரு பல்லி குடியேறியது. அதை யாரும் கண்ணால் கண்டதில்லை, காதால் கேட்டதுதான். உன் பெண்சாதி ராணி, "இந்தப் போகம் நல்லா விளையும்" என்பாள். மூலையிலிருந்து "டிக், டிக், டிக்." உடனே அவள் விரலால் மேசையைத் தட்டி, "பாத்தீங்களா அண்ணன், பல்லி சொல்லுது" என்பாள். எதற்கும் ஓம் சொல்லும் பல்லி! அதன் புகழ் பழுகாமத்தில் தொடங்கி வாவியைச் சுற்றி வாழைச்சேனை வரைக்கும் பரவியது. மந்திரிமார் வாசலில் வரிசையாக நின்றார்கள். மந்திரிமார் என்றால், பக்கத்து வீட்டு மணியமும் அவனுடைய சைக்கிளும்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் ஆமையாகிவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வரலாம். போன செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை, அப்படியே உறைந்துவிட்டது. உன் மகள் டிலானி தலையில் கை வைத்துக்கொண்டாள். எட்டு மாதம் வயல்வட்டை வயல்வட்டையாக வரம்பில் நடந்து, உள்ளே உப்புத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதென்று அளந்து எழுதிய அறிக்கை அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. வெள்ளிக்கிழமை வந்தாறுமூலைக் கம்பஸில் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

செங்கலடிச் சந்தியில் கம்ப்யூட்டர் திருத்துகிற றியாசுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, போனைப் பெட்டிக்குக் கிட்டப் பிடிங்க" என்றான். பிடித்தேன். மூலையில் "டிக், டிக், டிக்." "அல்லாவே! ஹார்ட் டிஸ்க் சாகப்போகுது. உள்ளுக்க இரிக்கிற கை இடம் தெரியாமத் தேடித் தேடி அடிக்கிற சத்தம் இது. உடன ஓஃப் பண்ணுங்க. திருப்பி ஓன் பண்ணவே ஒண்ணா. கழட்டி இஞ்ச கொண்டு வாங்க."

ராணி சுவிட்சை மறித்துக்கொண்டு நின்றாள். "அவரிர பெட்டியில ஒருத்தரும் கை வைக்க ஒண்ணா. செங்கலடியில இரிக்கிறவனுக்கு நம்மட வீட்டுப் பல்லியப் பத்தி என்ன தெரியும்?"

"அம்மா, என்ட ரிப்போட்!" என்று டிலானி அழுதாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ராணி, பல்லி பொய்க்கு ஓம் சொல்லுமா கா?"

"ஒரு நாளும் சொல்லாது."

"அப்ப கேள்." மூலையைப் பார்த்து அரசன் போல் அறிவித்தேன். "நான் பிறந்ததிலிருந்து கள்ளு வாயில வைச்சதே இல்ல."

"டிக், டிக்."

"உங்கட சத்தத்துக்குப் பயந்து சொல்லுது" என்றாள் ராணி.

அடுத்த பொய்யை நான் யோசிக்கவில்லை, மச்சான். அது தானாக வந்தது. "தவராசா செத்தது எனக்கு ஒரு கவலையும் இல்ல."

"டிக், டிக், டிக்."

ராணி என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து, தன் கையாலேயே வயரைப் பிடுங்கினாள். மூலை அடங்கிப்போனது. "இது பல்லி இல்ல அண்ணன். கழட்டுங்க."

நாலு ஆணியும் ஒல்லாந்தர் காலத்தில் முறுக்கியவை. கழற்றிய டிஸ்கைத் துவாயில் சுற்றி, பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டிலானி பின்னால் இருந்தாள். என் மோட்டார் சைக்கிள் இரண்டு பஸ்ஸையும் ஒரு விமானத்தையும் முந்தியது. றியாஸ் அதை வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்திக் கொப்பி எடுக்கத் தொடங்கினான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதத்தில் நின்றது. வாவியும் நின்றது. மீன்களெல்லாம் வாயைத் திறந்தபடி நின்றன.

மறுபடி நகர்ந்தது. அறிக்கை முழுசாக வந்து சேர்ந்தது. அடுத்த நிமிடம் டிஸ்க் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது. உன் மகள் வெள்ளிக்கிழமை காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

உன் பெட்டியில் இப்போது புது டிஸ்க். சத்தமே இல்லை. "என்னத்தச் சொன்னாலும் ஒரு மறுமொழியும் இல்ல" என்று ராணிக்குக் குறை. "ஓம் சொல்ல நான் இரிக்கன் தானே" என்றேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு வாக்குத் தருகிறேன். டிலானி பட்டம் வாங்கும் நாளில் உனக்கும் சேர்த்துக் கை தட்டுவேன். அன்று மத்தியானம் வரை ஒரு பொய்யும் சொல்லமாட்டேன். அதற்கு மேல் என் உடம்பு தாங்காது.

இதில் எதை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சின்ன இடம் மட்டும் மெய்: உன்னைப் பற்றி அந்த மூலைக்கு நான் சொன்னது பொய்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் அண்ணன், உன் மகளின் மாமன்,
எப்போதும் உன் மச்சான்