சந்துரு இறக்கிய சீட்டுகள்

ஐப்பசி 18, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். மூத்த மகன் மணி, ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகல் தூக்கம். மருமகள் சாந்தா, இருமல். அவர்கள் மகள் கவிதா, காலை ஷிப்ட் போய் மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தாள். முன்னறையை வாடகைக்கு எடுத்து நெட் சென்டர் வைத்திருக்கும் துரை. கம்ப்யூட்டருக்குள் சந்துரு என்று ஒருவன். அவனையும் சேர்த்து ஆறு பேர். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

இந்த டைரி போன வருஷம் மணிக்குக் கம்பெனி கொடுத்தது. அட்டையில் 2007. தேதி பொருந்தாததால் அடித்துவிட்டுக் காலண்டர் பார்த்து நானே போடுகிறேன். படித்தது மூன்றாவது வரை. துரை வெளியே போனால் சென்டர் ரிஜிஸ்டர் எழுதுவது நான்தான்: வந்தவன் பெயர், ஊர், எந்த மிஷின், எத்தனை மணி. அதில் திரும்பி வந்த எழுத்து.

கவிதா தினமும் மூன்றரை மணிக்கு நாலாம் நம்பர் மிஷினில் ரம்மி. காசு கிடையாது, வெறும் புள்ளி. மேசைக்கு நாலு பேர், நாலும் வேறு ஊர். ஆடிக்கொண்டே எழுதிப் பேசிக்கொள்வார்கள். மூன்று மாதமாய்ச் சந்துரு அவள் மேசைதான். ஓசூரில் வேலையாம்.

"எனக்கு இன்னா சீட்டு வேணும்னு மனசுல நெனைக்கிறேனோ அதயே எறக்குறாரு ஆயா. எப்டித்தான் தெரியுதோ!"

முகமெல்லாம் சிவப்பு. இருபது வயது.

பஸ் ஐந்து நிமிஷம் தாமதம் என்றால் தெருமுனையில் போய் நிற்கிற மணி, இதற்கு மட்டும், "ஆடட்டும்மா, ஊட்லதான கீறா" என்கிறான். ஆச்சரியம்தான்.

வாங்க: பூண்டு, கொசுவத்தி, இருமல் மருந்து.

ஐப்பசி 19, செவ்வாய்

மழை பலம். கெமிக்கல் கம்பெனி நாற்றம் மழையோடு தெருவுக்கு இறங்கிவிட்டது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை.

கவிதாவின் மேசையில் இன்று மலேசியாக்காரி. ஆணா பெண்ணா தெரியாது, பேச்சின் தோரணையில் பெண் என்று நானே வைத்துக்கொண்டேன். பாதி ஆட்டத்தில் ஏதோ எழுதினாள். கவிதா சத்தமாக வாசித்தாள்: "தங்கச்சி, உனக்கு முன் நாற்காலிக்காரன் உன் கையைப் பார்த்து ஆடுகிறான். ஜாக்கிரதை." அவ்வளவுதான், மேசையை விட்டுப் போய்விட்டாள்.

துரை கவுண்டரிலிருந்து: "தோத்தவ பொலம்பலு. கண்டுக்காத கவி."

கவிதா: "எங்க ஓசூரு, எங்க கும்மிடிப்பூண்டி. எப்டிப் பாக்க முடியும்? இன்னா ஆயா?"

அந்த 'முன் நாற்காலி' மட்டும் மனதில் நின்றுவிட்டது. சந்துரு எப்போதும் இவளுக்கு முன் நாற்காலியைத்தான் எடுப்பான். அவன் கழித்த சீட்டை எடுக்கும் உரிமை இவளுக்குத்தான்.

என் வீட்டுக்காரர் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சீட்டாட்டம். டீ கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தே கற்றேன். ஒரே சட்டம்: பின்னால் நிற்பவன் புருவம்கூட அசைக்கக் கூடாது. அவர் கூட்டாளி பாலு அசைத்தான். காதைச் சொறிந்தால் ஆட்டின், மூக்கைத் தொட்டால் கிளாவர். கண்டுபிடித்தது நான். அன்று அவன் போட்டிருந்தது பச்சைக் கட்டம் போட்ட சட்டை, மூன்றாவது பட்டன் இல்லை. அவன் சாவுக்கும் நான் போகவில்லை.

ஐப்பசி 20, புதன்

மழை விட்டது. ஈக்கள்.

மணிக்குச் சூப்பர்வைசர் வேலை வரப்போகிறதாம். சாந்தா சாமி படத்துக்குப் பூ வைத்தாள். யார் வாங்கித் தருவது என்று கேட்டேன். "லோகு சொல்லிகீறான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

லோகு என்றால் லேபர் கான்ட்ராக்டர் லோகநாதன். பங்குனியில் கவிதாவைப் பெண் கேட்டு வந்தான். தட்டில் ஆப்பிள் ஒன்பது, ஒன்று அழுகல். முன்பல் சந்தில் காற்றுப் போகும், "ச" வரும்போது விசில் அடிக்கும். முதல் பெண்டாட்டி ஆறே மாதத்தில் தாய்வீடு போனவள். பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. "வழுக்கி உழுந்துட்டேன்" என்றாள். கழுத்தில் நாலு விரல் தடம். வழுக்கி விழுந்தால் கழுத்தில் விரல் படுமா? தட்டைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியது நான்தான். மணி அன்று முழுக்கப் பேசவில்லை.

"அவன் வேல வேணாம்டா" என்றேன்.

"நீ சும்மா கெட. இருவது வருஷமா மிஷின் தொடச்சினு கீறேன்" என்றான்.

ஐப்பசி 21, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. துரை மின்சார ஆபீசுக்குப் போனான், ஐந்து மணிக்குத்தான் வருவானாம். கவுண்டரில் நான்.

கவுண்டர் மிஷினில் மற்ற நாலு மிஷினும் நாலு சின்னக் கட்டமாய்த் தெரியும். "பசங்க கண்டதப் பாக்குறானுங்களான்னு கவனிக்கத்தான் பெரிம்மா" என்று துரை சொல்லியிருந்தான். கவிதாவின் கையை அதில் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. நன்றாக ஆடினால் பெருமையாய் இருக்கும்.

இன்று கணக்காய்ப் பார்த்தேன். மூன்று ஆட்டம். சந்துரு கழித்த சீட்டு இருபத்தாறு. கவிதாவுக்குச் சேர்ந்தது இரண்டு. மூன்றிலும் தோற்றாள்.

"அவருக்கு இன்னிக்கு மனசு செரியில்ல போல" என்றாள். பாவம்.

துரை இல்லாத நாள்.

ஐப்பசி 22, வெள்ளி

வானம் மோடம் போட்டிருக்கிறது. காற்றில்லை.

துரை கவுண்டரில். காதில் போன். தினமும் இந்த நேரத்தில் காதில் போன்தான், இன்றுதான் உறைக்கிறது. நான் ரிஜிஸ்டரில் கோடு போடுவதுபோல் பக்கத்து ஸ்டூலில். சந்துரு இறக்கியது ஆட்டின் ஏழு, சேர்ந்தது. டைமன் ராணி, சேர்ந்தது. இஸ்பேட் பத்து, சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் துரையின் உதடு அசைந்தது.

"தொரை, தொட்டி நெறஞ்சி வழியுது, மோட்டார நிறுத்துப்பா."

"தோ வந்துட்டேன் பெரிம்மா."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினான். தொட்டி நிறையவில்லை. அது நான் சொன்ன பொய்.

அடுத்த சீட்டு சேரவில்லை. அதற்கடுத்ததும். சந்துரு "ஒரு நிமிஷம் கவி" என்று எழுதினான், கட்டத்தில் தெரிந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"இன்னா தொர, சத்தத்தையே காணோம்? சீக்கிரம் சொல்லுப்பா. அவ கைல இன்னா கீது?"

சத்தம், சீக்கிரம், சொல்லு. மூன்றிலும் விசில்.

போனை இருந்தபடியே கவிழ்த்தேன். ரிஜிஸ்டரில் போட்ட கோடு கோணல். ஓசூரும் இல்லை, சந்துருவும் இல்லை. லோகு.

கவிதா அவனிடம் மனதைக் கொடுத்துவிட்டாள். "கவி" என்று கூப்பிட விட்டிருக்கிறாள். என் வீட்டுப் பெண்ணை எனக்கு முன்னால், என் கண்ணெதிரே சீட்டுப் போட்டு இழுக்கிறான்.

மணியிடம் சொல்ல வேண்டும். துரையின் காலை உடைப்பான். ஷிப்ட் போய்விட்டான். நாளை.

ஐப்பசி 23, சனி

மழை, நசநசவென்று. கேட்டவற்றை வரிசையாய் எழுதி வைக்கிறேன்.

மதியம் மூன்றே கால். கவிதா சமையலறையில் என் காதில்: "ஆயா, யாராண்டயும் சொல்லாத. நாளைக்கி நேர்ல பாக்கலாம்னு சொல்லிகீறாரு. திருப்பாச்சூர் கோயில்ல. சாமி முன்னாடின்னா தப்பில்லதான?" கேட்டது நான் மட்டும். சாந்தா கடைக்குப் போயிருந்தாள். மணி உள்ளே குறட்டை.

நேரே பார்த்தபின் தெரிந்துவிடுமே, அப்போது என்ன செய்வான்? கூட எத்தனை பேர் வருவார்கள்? தாலியோடு வருவானா? அங்கே வந்துவிட்ட பெண் திரும்பி வந்தால் தெரு என்ன பேசும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

நாலரை. மணி எழுந்து முகம் கழுவினான். சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன், வாய் திறந்தேன். அதற்குள் அவனே துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கிப் பாப்பா எங்கனா போணும்னா போய்ட்டு வரட்டும்மா. நீ தடுக்காத. திருப்பாச்சூர்லாம் தூரம், காலைலயே கெளம்பச் சொல்லு" என்றான்.

அவன் கையிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன்.

அந்த ஊர்ப் பெயரை இந்த வீட்டில் சொன்னது ஒருத்தி. கேட்டது ஒருத்தி. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வேறு யாரும் இல்லை.

என் வயிற்றில் பிறந்தவன் பின்னால் நின்று காதைச் சொறிந்திருக்கிறான்.

ஐப்பசி 24, ஞாயிறு

ஐந்தரைக்கு எழுந்தேன். முன்னறையின் இன்னொரு சாவி என்னிடம். கவிதா குளித்து, ஊதாப் புடவை, மல்லிகை. கையைப் பிடித்து இழுத்துப்போய் நாலாம் மிஷினில் உட்கார வைத்தேன்.

"ஒரு ஆட்டம் ஆடு."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆயா, பேஜாரு பண்ணாத."

"ஒண்ணே ஒண்ணு."

கவுண்டருக்கு வந்தேன். நடுவில் பலகைத் தடுப்பு. அவள் கைக்குப் பதின்மூன்று சீட்டு வந்ததும் வாசித்தேன். ஆட்டின் நாலு, அஞ்சு, ஆறு. கிளாவர் ராணி ரெண்டு. டைமன் ஆஸ். இஸ்பேட் ஒம்பது, ஜாக்கி. ஒன்பதாவதைச் சொல்வதற்குள் நாற்காலி நகரும் சத்தம்.

வந்து திரையைப் பார்த்தாள். போனில் நான் கேட்டது, விசில், மாவுக்கட்டு எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை.

"என் கை இங்க தெரியும்னு உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ஒரு வருஷமா. நான் சும்மா..."

"எல்லாரும் என் கையப் பாத்துகினுதான் ஆடிகீறீங்க. நீயுந்தான் ஆயா."

நான் யாரிடமும் சொன்னதில்லை, அசைத்ததில்லை. அதைச் சொல்ல நினைத்தேன். பார்த்தது பார்த்ததுதானே.

மேசையில் மலேசியாக்காரி இருந்தாள். கவிதா அவளுக்கு "நீங்க சொன்னது நிஜம்" என்று எழுதினாள். உடனே பதில்: "அழாதே. முதலில் பாஸ்வேர்டை மாற்று." அதற்கு மட்டும் கவிதாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் அழுகை.

எட்டு மணி. மணி நாஷ்டாவுக்கு உட்கார்ந்தான். "இன்னும் கெளம்பலியா?"

கவிதா எதிரில் போய் நின்றாள். "நைனா, சந்துரு யாரு?"

இட்லியைப் பிய்த்தான். தொட்டான். வாயில் போட்டான்.

"யாருன்னு உனக்குத் தெரியுமா நைனா?"

"சாந்தா, இன்னொரு கரண்டி சட்னி போடு."

சாந்தா கரண்டியோடு அப்படியே நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, முகத்தைப் பார்த்தே சொல்வேன். கவிதா தலையிலிருந்து பூவை எடுத்து அவன் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்குத் துரை வந்தான். சாவியை வாங்கிக்கொண்டேன். மிஷினை எடுத்துப் போக ஒரு வாரம் கொடுத்தேன். "நான் இன்னா பெரிம்மா பண்ணேன், மணியண்ணன்தான்..." என்று ஆரம்பித்தான். தெரியும் போ என்றேன்.

ஐப்பசி 25, திங்கள்

மழை இல்லை. வானம் கறுப்பு.

கவிதா காலை ஷிப்ட் போனாள். வழக்கமான பையில்லை, பெரிய பை. பார்த்தேன். கேட்கவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் இறங்கவில்லை. மூன்றரை, இல்லை. நாலு மணிக்கு அவளோடு வேலை செய்கிற பூங்கொடி வந்தாள். "பொண்ணுங்க நாலு பேர் தங்கியிருக்கிற ரூமுக்குப் போயிட்டா ஆயா. நல்லாகீறா. எடத்த யாராண்டயும் சொல்லாதன்னு சொல்லிட்டா."

"என்னாண்டயுமா?"

பூங்கொடி தரையைப் பார்த்தாள்.

அவள் போன பிறகு லோகுவின் வெள்ளை வேன் தெருவில் ஒரு முறை போயிற்று. ஐந்து மணிக்கு இன்னொரு முறை, மெதுவாக, வாசலில் கொஞ்சம் நின்று. கம்பெனி வாசல் எங்கே, காலை ஷிப்ட் எப்போது விடும் எல்லாம் அவனுக்குத் தெரியும். மணியே சொல்லியிருப்பான். இடம் எனக்குத் தெரியாதது நல்லதுதான். கேட்டு மிரட்டினாலும் என்னிடம் இல்லை.

துரை ஊரான். பேராசைக்காரன், போகட்டும். லோகு அப்படிப்பட்டவன் என்று பங்குனியிலேயே தெரியும். என்னைக் கவிதா மன்னிக்க வேண்டும், அவள் இஷ்டம். முகமே தெரியாத ஒருத்தி, என்ன ஊரோ என்ன பேரோ, அவள் ஒருத்திதான் அந்த மேசையில் நேர்மையாய் ஆடினாள்.

மணி இப்போது வந்து சோறு கேட்கிறான். போடுவேன். தட்டைக் கழுவுவேன். என் உயிர் உள்ளவரை நான் மன்னிக்கப் போவதில்லை என்று எழுதி வைக்கிற பேர் இது ஒன்றுதான்: மணி.