தூற்றாத மண்

நேற்றுப் பெய்த மழையில் சமையலறைப் பரண் ஒழுகி, பழைய பால்பவுடர் டப்பா ஒன்று நனைந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். மண்வாசனை குப்பென்று வந்தது. உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷமாகியும் அது ஆறவில்லை.

கல்யாணமாகிச் சாரம் ஊரில் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்தபோது சுவரில் ஒரு சாமி படம்கூட இல்லை. மில்லில் வேலை முடிந்து வந்ததும் வாசல் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவீர்கள். "சாமி எங்கியோ மேல குந்திக்கினு உலகத்தப் படைக்கலடி. உலகந்தான் சாமி. மரம், மழை, எறும்பு, நீ, நானு, எல்லாம் அதான்" என்பீர்கள். சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்தால் வெயிலில் வைத்து, அதுவாகப் போகும்வரை காத்திருப்பீர்கள். இப்படி ஒரு சாது மனுஷன் யாருக்கு வாய்க்கும் என்று எனக்குப் பெருமைதான். எனக்கென்று தெருமுனை அம்மன் இருந்தாள். கேட்டால் கொடுப்பாள், கொடுக்காவிட்டால் சண்டை போடலாம். நீங்கள் சிரிப்பீர்களே தவிர, தடுத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். நம் செல்வி அப்போது மூன்றாம் வகுப்பு. அலையைக் கண்டு என் புடவைக்குள் ஒளிந்தவளை இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தான். "பயப்படாத கண்ணு, இது சாமி மடி" என்று சொல்லிக் கையை விட்டீர்கள். அடுத்த அலை அவளைக் கொண்டுபோனது. மறுநாள் மீனவர்கள்தான் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காரியம் முடிந்ததும் அம்மன் கோயில் வாசலில் போய் நின்றேன். வயிறெரிந்தவர்கள் செய்வதைத்தான் நானும் செய்யப் போனேன். ஒரு பிடி மண்ணை வாரி, நாசமாய்ப் போ என்று அவள் முகத்துக்கு நேரே தூற்றக் கையை ஓங்கினேன். பின்னாலேயே வந்து மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"இன்னாடி பண்ற? மண்ணும் அதான், அம்மனும் அதான், அலையும் அதான். எத எடுத்து எதும்மேல வீசற? செல்வி எங்கியும் போவல. காத்துல இருக்கா."

"காத்துக்கு சடை பின்ன முடியுமாங்க?" என்றேன்.

மகளின் கையை விட்டவர் என் கையை மட்டும் விடவேயில்லை. திட்டுவதற்கு எனக்கு ஒரு சாமி இருந்தது, அதையும் அன்று பிடுங்கிக்கொண்டீர்கள். மூடிய கையோடு வீடு வந்து அந்த மண்ணை இந்த டப்பாவில் போட்டேன். அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்தீர்கள். "பயமா கீதுடி. உன் அம்மன்கிட்ட எனக்காக வேண்டிக்கோ."

"வேண்டறதுக்குத் தனியா யாருங்க இருக்கா? இந்த மூச்சுத் திணறலும் சாமிதான்" என்றேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் பேசவில்லை. அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருந்தவில்லை.

இன்று காலை அந்த ஈர மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உங்கள் கணக்குப்படி இப்போது நீங்களும் மரம், நீங்களும் காற்று. எந்தப் பக்கம் தூற்றினாலும் உங்கள் மேல்தான் விழும். இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று கையை ஓங்கிவிட்டேன்.

வேப்பமரம் லேசாக அசைந்தது. நீங்கள் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால், செல்வி மேலும் விழுமே.

மண்ணைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடி, பரண்மேல் வைத்துவிட்டேன்.