குதிரைவண்டி ஆகிப்போன கோச்சி

அண்ணை,

மேசை இழுப்பறையில் பேனா தேடினேன். கையில் அகப்பட்டது உங்கள் பழைய கணினி டிஸ்கெட். மேலே ஒட்டிய காகிதத்தில் உங்கள் சாய்ந்த கையெழுத்து: ‘கோச்சி’. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுதிருப்பேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான். என்மேல், உங்கள்மேல், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேர்மேலும்.

அப்போது நான் ஜெர்மனியில் ஆஹெனுக்குப் படிக்க வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மதுரைத் தமிழ், அரைகுறை ஜெர்மன். அகதி விண்ணப்பம் விசாரிக்கும் அலுவலகத்தில் தமிழை மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றார்கள். பெரிய மனுஷன் மாதிரிப் போய் உட்கார்ந்தேன். ஊரில் என்ன வேலை என்று அதிகாரி கேட்க, “கோச்சி ஓடினனான்” என்றீர்கள். எங்கள் ஊரில் ரயில் ரயில்தான். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கோச்சி என்று பெயர் இருப்பது எனக்கு எங்கே தெரியும்? இங்கிலீஷ் ‘கோச்’ என்று நினைத்து அகராதியைப் புரட்டினேன். முதலில் கிடைத்த ஜெர்மன் சொல்லை வாசித்தேன். அதிகாரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ‘குட்ஷர்’ என்று தட்டினார். குட்ஷர் என்றால் குதிரைவண்டிக்காரர்; அது அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் கோச்சிக்குக் குண்டு வைத்தார்கள், அதனால் இராணுவம் உங்களைத் தேடியது என்றீர்கள்; அதையும் அதே சொல்லால் மொழிபெயர்த்தேன். எழுதியதை உங்களுக்குத் திருப்பிச் சொன்னபோதும் “கோச் ஓட்டினவர்” என்றேன். ஓம், ஓம் என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

சில மாதம் கழித்து, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லச் சொல்லி என் விடுதி அறைக்கு வந்தீர்கள். என் அறைத்தோழன் ஜெர்மன்காரன்; பழைய இங்கிலீஷ் நீராவி ரயில் என்றால் பைத்தியம். அவனும் நானும் சேர்ந்து, எப்போதோ மூடிவிட்ட ஓர் இங்கிலாந்து மலைப்பாதையைக் கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டராக எழுதிக்கொண்டிருந்தோம். பழைய வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு வளைவும், கைகாட்டியும். திரையில் எஞ்சின் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தீர்கள்.

“தம்பி, உது பொய். ஏத்தத்திலை இவ்வளவு கரியை ஒரேயடியாய்க் கொட்டினா நெருப்பு அமந்துபோம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி போடவேணும்.”

“அண்ணை, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உச்சியிலை தண்ணியைக் கவனியும். இறக்கம் தொடங்கேக்கை கொதிகலன் தண்ணி முன்னுக்கு ஓடிடும். பின்னாலை நெருப்புப் பெட்டி காய்ஞ்சு வெடிக்கும். மலைநாட்டுப் பாதையிலை முந்தி நாங்கள் ஓடினதும் இங்கிலாந்து எஞ்சின்தானே.”

“ரயில் எஞ்சினா? நீங்க கோச் டிரைவர் இல்லையா?”

“கோச்சி தம்பி, கோச்சி! குக்கூ எண்டு கூவிக்கொண்டு ஓடுமே, அது!”

சிரித்தீர்கள். கடிதத்தைப் பிரித்தேன். குதிரைவண்டிக்குக் குண்டு வைத்தார்கள், அதனால் இராணுவம் வண்டிக்காரரைத் தேடியது என்பது நம்பத்தக்கதல்ல, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. உங்கள் உயிர் என் வாயில் மாட்டிக் குதிரைவண்டி ஆகியிருந்தது.

மேல்முறையீடு போட்டோம். நீங்கள் ரயில் சாரதி என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது. “இவரை நீதிபதி முன்னால் ஓட்டவைப்போம். எஞ்சினில் நின்றவனுக்கு மட்டும் தெரிந்ததெல்லாம் இவருக்குத் தெரியும்” என்றான் அறைத்தோழன். ஒவ்வொரு ஞாயிறும் வந்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, கரியும் தண்ணியும் நீராவி அழுத்தமும் திருத்தினோம். திரையில் எஞ்சின் புறப்படும் முன் கணினியை விட்டுவிட்டு எங்கள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பீர்கள். கார்டு பச்சைக்கொடி காட்ட வேண்டுமாம்! கீழே பேருந்துக்கு நிற்கும் மாணவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இங்கிலாந்துப் பாதைக்கு டிஸ்கெட்டில் ‘கோச்சி’ என்று பெயர் எழுதியது நீங்கள்தான்.

விசாரணை நாளில் வேறொருவர் மொழிபெயர்த்தார். நான் பின்வரிசையில், சட்டைப்பையில் டிஸ்கெட்டோடு. கணினி விளையாட்டெல்லாம் சான்றாகாது என்று நீதிபதி ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார். பிறகு நேராகக் கேட்டார்: முதல் விசாரணையில் மொழிபெயர்ப்புத் தவறு நடந்ததா?

திரும்பி என்னைப் பார்த்தீர்கள். சொல்லித் தொலைத்திருக்கலாமே, அண்ணை! இதற்காகத்தானே போனோம்?

“இல்லை ஐயா. தம்பி சரியாத்தான் சொன்னவர். என்ரை பிழை.”

என்ன மனுஷன் நீங்கள்! யார் கேட்டார்கள் உங்கள் பெருந்தன்மையை? வெளியே படிக்கட்டில் உங்களைப் பிடித்து உலுக்கினேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“உமக்கு விசா இருக்கு, படிப்பு இருக்கு. என்னாலை கெட வேண்டாம். விடும்.”

விட்டேன். மேல்முறையீடு தள்ளுபடியாகி உங்களை விமானம் ஏற்றினார்கள். போரினால் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி ஓடவில்லை. கொழும்பிலே ஒரு லாட்ஜ் அறையில் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனீர்கள். உங்கள் அக்கா தொலைபேசியில் சொன்னார். “தம்பி எண்டா அவனுக்கு உயிர்” என்று என்னைப் பற்றியே என்னிடம் சொன்னார்.

நடந்ததையெல்லாம் போன மாதம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். கோப்பு மூடப்பட்டது என்று இரண்டு வரி பதில். ஆள் செத்த பிறகு ஜெர்மன் எனக்கு நன்றாகத்தான் வருகிறது.

இன்று டிஸ்கெட்டைப் போட்டேன். ஓடுகிறது. கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன், உச்சியில் தண்ணியைக் கவனித்தேன். உங்கள் இங்கிலாந்து எஞ்சின் பத்திரமாக இறங்கிவிட்டது. உங்களுக்காகப் பொங்கி என்ன செய்ய? அந்த நீதிமன்றத்தில் நீங்கள் பொய் சொன்னது எனக்காக. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் எனக்காகவேதான். எழுந்து நின்று மூன்றே சொல் சொல்லியிருந்தால் போதும்.

கோச்சி என்றால் ரயில்.